பழவேற்காட்டில் எதைக் கற்பிப்பது: தொழிலையா, ஏரியையா?

மீனவர் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கைத்தொழில் கற்றுத்தரலாமா என்பது தமிழ்நாட்டில் வெறும் பாடத்திட்டக் கேள்வியாக இருந்ததே இல்லை. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திருத்தப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம், கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் வேலை நேரத்தை நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்தது. மிச்சப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் அதைக் குலக்கல்வி என்று எதிர்த்தனர். ராஜாஜி விலகி 1954இல் காமராசர் பொறுப்பேற்றபின் திட்டம் கைவிடப்பட்டது. தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளின் பிள்ளைகளைப் பத்து நாள் புத்தகப்பை இல்லாமல் உள்ளூர்த் தச்சர், தோட்டக்காரர், குயவர், கலைஞர் ஆகியோரிடம் பழகச் சொன்னபோதும் இங்கே முதலில் எழுந்த சொல் குலக்கல்விதான்.

இந்த அச்சம் மிகையானதென்று நான் கருதவில்லை. ஆனால் அதற்கு ஒரு பக்கவிளைவு இருந்தது. தொழிலைத் தொடக்கூடாது என்ற எச்சரிக்கையில், தொழில் நடக்கும் நீரையும் நிலத்தையும்கூடப் பள்ளி தொடாமல் விட்டது. பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள மீனவ ஊர்களை முன்வைத்து இக்கட்டுரை வாதிடுவது இதுதான்: ஏரியை அளப்பது, பதிவுசெய்வது, அதன் பங்கீட்டைக் கணக்கிடுவது, அதைப் பற்றிய அரசு ஆவணத்தைப் படித்துக் கேள்வி கேட்பது ஆகியவையே நடுநிலைப் பள்ளி வளர்க்க வேண்டிய நடைமுறைத் திறன்கள். வலை போடுவதையும் ஓலை முடைவதையும் பள்ளி கற்பிக்கத் தேவையில்லை. அவை பிள்ளையைப் பிறந்த இடத்திலேயே நிறுத்திவிடக்கூடும்; மற்றவை, அந்தப் பிள்ளை நாளை படகேறினாலும் சென்னைக்கு ரயிலேறினாலும் உதவும்.

சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் பழவேற்காடு. பரப்பில் பெரும்பகுதி ஆந்திரத்தில். தென்கோடி திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில். வங்கக் கடலுக்கும் ஏரிக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டா நீண்டு கிடக்கிறது. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கியாறும் நன்னீர் கொண்டுவருகின்றன. கடல்நீர் முகத்துவாரம் வழியே வருகிறது. முகத்துவாரத்தில் மணல் மூடினால் ஏரியின் கதையே மாறிவிடும். 1613இல் டச்சுக்காரர் இங்கே கெல்ட்ரியா கோட்டை கட்டினர் என்பதைப் பழவேற்காட்டுக்கு வரும் எல்லாச் சுற்றுலாக் கட்டுரையாளர்களும் எழுதிவிட்டார்கள். முகத்துவாரம் பற்றி அவர்களில் பலர் எழுதுவதில்லை.

கைத்திறனுக்கு இங்கே பள்ளியை எதிர்பார்ப்பார் இல்லை. வத்தத்தில் எங்கே இறால் ஒதுங்கும், எந்த வலைக்கு எந்தக் கண்ணளவு என்பதெல்லாம் பத்து வயதுக்குள் வீட்டிலேயே வந்துசேரும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று அனுமதிக்கிறது. அந்தத் திருத்தத்தின்மேல் எனக்கு மதிப்பில்லை. ஆனாலும், சட்டமே வீட்டுக்குக் கொடுத்துவிட்ட பாடத்தைப் பள்ளி மறுபடி நடத்துவது வீண். 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி கைத்தொழிலை எல்லாப் பாடங்களுக்கும் நடுவில் வைத்தது. நூற்பு எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் பொது என்பதுதான் அதன் வலு. மீன்பிடித்தல் அப்படிப் பொதுவானதல்ல. ஆழிப்பேரலைக்குப் பின் கடலோரமெங்கும் வந்த தையல், கைவினைப் பயிற்சிகளிலும் ஒரு குறை உண்டு. பழவேற்காட்டு முஸ்லிம் பெண்களின் பனையோலைப் பின்னல் புகழ்பெற்றதுதான். அதற்காகப் பெண்பிள்ளை என்றாலே ஓலையையும் ஊசியையும் நீட்டுவது பால்வழிக் குலக்கல்வி ஆகிவிடும்.

ஏரியைப் பாடமாக்குவது எப்படி இருக்கும்? எளிய இடத்திலிருந்து தொடங்கலாம். கடல்நீரின் உவர்ப்பு ஆயிரத்துக்கு ஏறத்தாழ 35 பங்கு. பழவேற்காட்டில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்றுவாய்ப் பக்கம் நீர் ஏறக்குறைய நன்னீராகும். கோடையில் முகத்துவாரம் அடைபட்டால் கடலையும் மிஞ்சி உவர்க்கும். இந்த ஏற்ற இறக்கத்தை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே அளக்க முடியும். 965 கிராம் நீரில் 35 கிராம் உப்பைக் கரைத்தால் கடல்நீருக்கு இணையான அடர்த்தி கிடைக்கும். உறிஞ்சுகுழல் ஒன்றின் அடியைக் களிமண்ணால் அடைத்து முதலில் நன்னீரிலும் பிறகு இந்தக் கரைசலிலும் மிதக்கவிட்டு, நீர்மட்டம் தொடும் இடங்களில் கோடு போட்டால் ஓர் எளிய நீர்மமானி தயார். வாரம் ஒருநாள், ஒரே படகுத்துறையில், ஒரே நேரத்தில் அளந்து குறித்துவந்தால் ஆண்டு முடிவில் ஒரு வரைபடம் இருக்கும். முகத்துவாரம் அடைபட்டது எந்த மாதம், அப்போது இறால் வரத்து என்ன ஆனது என்று அந்தக் கோட்டைப் பார்த்துப் பேசலாம். நீர் கரிப்பு ஏறிவிட்டது என்று தாத்தா சொல்வதும் அளவுதான். ஆனால் அதை ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு இணைக்க முடியாது.

அடுத்தது பாடு என்னும் பங்கீட்டு முறை. வளமான பாடம் இதில்தான் இருக்கிறது. ஏரியில் சுத்துவலை கட்டும் இடங்களைக் கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. ஊருக்குள்ளே தலைக்கட்டுகளுக்கு முறை வரும். பொதுவளத்தைச் சண்டையில்லாமல் பங்கிட ஒரு சமூகம் தானே கட்டிய ஏற்பாடு இது. இதில் எட்டாம் வகுப்புக் கணக்கு முழுதும் ஒளிந்திருக்கிறது. உதாரணத்துக்கு, மூன்று ஊர்கள் நாளுக்கு ஒன்றாக முறை எடுக்கின்றன, ஓர் ஊரில் 100 தலைக்கட்டு, ஒரு முறைக்கு 20 பேர் போகலாம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து முறையில் எல்லாரும் போய்வருவர். ஆக ஒருவருக்கு 15 நாளுக்கு ஒருமுறை. நியாயமாகத்தான் தெரிகிறது.

ஆனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வலுக்கும். அட்டமி, நவமியை ஒட்டித் தளரும். ஓட்டத்தை நம்பிக் கட்டும் வலைக்கு எல்லா நாளும் ஒரே நாள் அல்ல. அமாவாசையிலிருந்து பௌர்ணமிக்குச் சராசரியாக 14.77 நாள். பதினைந்து நாள் சுழற்சியில் ஒரு முறைக்கும் அடுத்ததற்கும் இடையே நகர்வு 0.23 நாள்தான். முதல் முறை பௌர்ணமியில் விழுந்தவருக்கு அடுத்தடுத்த முறைகளும் வலுத்த ஓட்டத்தை ஒட்டியே விழும். தளர்ந்த ஓட்டத்தில் சிக்கியவர் வலுத்த ஓட்டத்துக்கு வந்துசேர 32 முறை, அதாவது ஏறக்குறைய 16 மாதம் ஆகும். அதே ஊரில் 120 தலைக்கட்டு இருந்தால் சுழற்சி 18 நாள். நகர்வு முறைக்கு மூன்று நாளுக்கும் மேல். இரண்டு மூன்று முறையிலேயே நல்லதும் கெட்டதும் எல்லாருக்கும் மாறிமாறி வந்துவிடும். ஆள் கூடினால் பங்கு அரிதாகிறது, ஆனால் பங்கீடு சீராகிறது. இதைப் பாடநூலின் எந்த மீதிக்கணக்கும் இவ்வளவு கூர்மையாகச் சொல்லித்தராது. ஊர்ப் பட்டியல் என் உதாரணத்தைவிடச் சிக்கலானது என்பதால், பிள்ளைகள் தம் விடையை எடுத்துக்கொண்டு பெரியவர்களிடம் போய், நீங்கள் இதை எப்படிச் சரிக்கட்டுகிறீர்கள் என்று கேட்கலாம். பெரியவர்களுக்கும் பதில் யோசிக்க வேண்டிவரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. பாடு முறையைப் புகழ்ந்து எழுதும் வழக்கம் ஆய்வுலகில் பரவலாகிவிட்டது. பொதுவளம் பற்றிப் பேசுவோருக்கு அது பிடித்த உதாரணம். ஆனால் இந்த உரிமை பட்டினவர் சாதியோடும் ஆண் தலைக்கட்டோடும் பிணைந்தது. ஆழமில்லா நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் தலித் மீனவர்களுக்கும் அதில் இடமில்லை. சாரா கூல்ட்ஹார்ட் 2008இல் வெளியிட்ட பழவேற்காட்டு ஆய்வு, சூழல் மாறும்போது யார் எப்படித் தகவமைத்துக்கொள்ள முடிகிறது என்பதோடு இந்த உரிமைக்கு உள்ள தொடர்பைக் கவனப்படுத்தியது. வகுப்பறையில் பட்டினவர் பிள்ளையும் இருளர் பிள்ளையும் ஒரே பலகையில் உட்கார்ந்திருக்கும்போது, பட்டியலில் யார் பெயர் இல்லை என்ற கேள்வி எப்படியும் எழும். ஆசிரியர் அதை அடக்கினால் முழுப் பாடமும் குலப்பெருமைப் பேச்சாகச் சுருங்கிவிடும். சமூக அறிவியல் ஆசிரியருக்கு இதைவிடக் கடினமான வகுப்பு கிடையாது. தேவையான வகுப்பும் கிடையாது.

மூன்றாவது, ஆவணம். ஜெகந்நாதன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் அளித்த தீர்ப்பு, சிலிக்கா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்றது. ஊர் வரைபடத்தில் அந்த 1000 மீட்டர் கோட்டை வரைவது அளவுகோல் பற்றிய ஏழாம் வகுப்புப் பயிற்சி. வரைந்து முடித்தபின் எந்த வீடும் எந்தக் குளமும் உள்ளே விழுகின்றன என்பது பயிற்சியைத் தாண்டிய செய்தி. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கான பொதுக் கருத்துக்கேட்பு 2021 ஜனவரிக்கும் பிறகு 2023 செப்டம்பருக்கும் அறிவிக்கப்பட்டு, இரண்டு முறையும் தள்ளிவைக்கப்பட்டது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 2006இன்படி மக்களுக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பும் உள்ளூர் மொழியில் சுருக்க அறிக்கையும் தர வேண்டும். அந்தத் தமிழ்ச் சுருக்கம் எழுதப்பட்டிருக்கும் தமிழைப் படித்தவர்கள், அதை எட்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடமாக வைக்கலாம் என்றால் சிரிப்பார்கள். நான் சிரிக்காமல்தான் சொல்கிறேன். ஒரு பக்கத்தை எடுத்து, எழுவாய் எங்கே, செயலைச் செய்பவர் யார், எந்த எண்ணுக்கு ஆதாரம் சொல்லப்படவில்லை என்று குறிக்கச் சொன்னால் அது இலக்கணமும் ஆகும், குடிமைப் பயிற்சியும் ஆகும். துறைமுகம் வேண்டுமா வேண்டாமா என்று பள்ளி சொல்லத் தேவையில்லை, சொல்லவும் கூடாது.

இவையெல்லாம் கற்பனை என்பவர்களுக்கு முன்னுதாரணங்கள் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம் வயலையும் குளத்தையும் ஆய்வகமாக்கியது. புத்தகத்தைத் திறந்துவைத்துத் தேர்வு எழுதச் செய்தது. முப்பது ஆண்டு ஓடிய அத்திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்தியது. கற்பித்தலில் தோற்று நின்றது என்பதைவிட, ஆதரவு போனதால் நின்றது என்பதே சரி. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் உள்ளூர்ச் சிக்கல்கள் பற்றிய ஆய்வுத் திட்டங்களைப் பிள்ளைகளிடம் கேட்டுவருகிறது. தமிழ்நாட்டில் அதை ஊர் ஊராகக் கொண்டுசென்றதில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்குப் பங்குண்டு. 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கப்பட்ட வானவில் மன்றம், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குக் கருத்தாளர்கள் மூலம் அறிவியல், கணிதச் செய்முறைகளைப் பள்ளிக்கே கொண்டுவருகிறது. நல்ல முயற்சி. மாநிலம் முழுமைக்கும் பொதுவான சோதனைகளோடு, கடலோரப் பள்ளிக்கு உவர்ப்பும் ஓதமும் சேர்ந்தால் மன்றம் அந்த ஊருக்கு உரியதாகும். உயிர்ப் பல்வகைமைச் சட்டம் 2002இன் கீழ் ஊராட்சிகள் தயாரிக்க வேண்டிய மக்கள் உயிர்ப் பல்வகைமைப் பதிவேட்டில் மாணவரை ஈடுபடுத்தலாம் என்று மாதவ் காட்கில் நெடுங்காலம் வலியுறுத்திவந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரி விலங்கியலாளர் சஞ்சீவராஜ் பழவேற்காட்டு உயிரினங்கள் பற்றி எழுதிய தொகுப்பைத் தேசிய உயிர்ப் பல்வகைமை ஆணையம் 2006இல் வெளியிட்டது. அந்தப் பட்டியலின் லத்தீன் பெயர்களுக்கு நேரே மடவை, கொடுவா, பச்சை நண்டு என்று ஊர்ப்பெயரை எழுதிச் சரிபார்க்க இந்தக் கரைப் பிள்ளைகளைவிடத் தகுதியானவர் யார்?

நேரமில்லை, மதிப்பெண்ணில்லை என்பது வழக்கமான மறுப்பு. 2012–13இல் எட்டாம் வகுப்புவரை வந்த தொடர் மதிப்பீட்டு முறையில் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் ஒதுக்கப்பட்டது செயல்திட்டங்களுக்கும் சேர்த்துத்தான். அந்த நாற்பது பல இடங்களில் அட்டை வேலைகளிலும் கூகுள் படங்களிலும் கரைகிறது. ஆசிரியர் வெளியூர்க்காரர், ஏரி அவருக்குத் தெரியாது என்பது இன்னொரு மறுப்பு. தெரியாதது இங்கே அனுகூலமாகவும் இருக்கும்: தெரிந்தவர் விடை சொல்லிவிடுவார், தெரியாதவர் பிள்ளையைக் கேட்பார். ஆனால் அவர் இடமாறுதலில் போனபின் பதிவேடு என்னாகும் என்ற கேள்விக்கு இந்தச் சமாதானம் போதாது. அதைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் பொறுப்பில் வைப்பதே என் பரிந்துரை. கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். அவர்களுக்கு இடமாறுதல் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலான குறை ஏரியின் வடபாதி. பழவேற்காட்டுத் துறையில் மட்டும் எடுத்த உவர்ப்புக் கணக்கு, காளங்கி வந்து விழும் பக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அங்கே பிள்ளைகள் தெலுங்கில் படிக்கிறார்கள், வேறு பாடநூல், வேறு தேர்வு. திருவள்ளூர் மாவட்டப் பள்ளி ஒன்றும் சூலூர்ப்பேட்டைப் பக்கப் பள்ளி ஒன்றும் ஒரே வகை மானியால், ஒரே கிழமையில் அளப்பதென்று ஒப்புக்கொண்டு மாதாமாதம் எண்களை மாற்றிக்கொள்ள, இரண்டு தலைமையாசிரியர்களின் சம்மதமும் ஓர் அஞ்சலுறையும் போதும்.