வலி பொய்யல்ல, காரணம்தான் கேள்வி



"சார், வைஃபை பெட்டி பக்கத்தில் இருந்தாலே தலை வலிக்கிறது. இது நிஜமா, பிரமையா?" என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள. வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் பதிலும் வரலாறாகத்தான் வரும். சற்று நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தந்தி. நாள் முழுக்கத் தந்திக் கருவியைத் தட்டியவர்களுக்குக் கை பிடித்துக்கொண்டது, விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. பிரிட்டனில் 1908-இல் இது இழப்பீடு பெறத்தக்க தொழில்நோய் ஆனது. 1911-இல் இதை ஆராய்ந்த அரசுக் குழு இரண்டு காரணங்களைச் சொன்னது: ஊழியரின் நரம்புத் தளர்ச்சி, ஓயாத வேலைக் களைப்பு. உடம்பா மனசா என்ற வழக்கு அன்றே தொடங்கிவிட்டது.

அடுத்து கணினி. 1980-களில் ஸ்வீடன், நார்வே அலுவலகங்களில் திரைமுன் வேலை பார்த்த பலருக்கு முகத்தில் எரிச்சலும் அரிப்பும் வந்தன. திரையின் கதிர்வீச்சுக்கு ஸ்வீடன் வரம்பு வகுத்தது. 1992-இல் அந்நாட்டு ஊழியர் சங்கக் கூட்டமைப்பான டிசிஓ தரமுத்திரை கொண்டுவந்தது. பழைய மானிட்டர்களில் 'டிசிஓ' என்று ஒரு முத்திரை இருக்குமே, அதன் ஊர் இதுதான்.

பிறகு செல்போன். நார்வேயின் முன்னாள் பிரதமர் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் படிப்பால் மருத்துவர். உலக சுகாதார நிறுவனத்தின் தலைவராக இருந்தபோதே, 2002-இல், செல்போன் தமக்குத் தலைவலி தருவதாக வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு பெரிய பொறுப்பில் இருந்தவரே சொன்னதால் விவாதம் உலகம் முழுக்கப் பரவியது.

விஞ்ஞானிகள் எப்படிச் சோதித்தார்கள்? கருவி இயங்குகிறதா இல்லையா என்பதை, உட்கார்ந்திருப்பவருக்கும், பல நேரம் சோதிப்பவருக்கும்கூடத் தெரியாமல் மறைத்தார்கள். 2005-இல் வெளியான, லண்டன் ஆய்வாளர்களின் ஓர் ஆய்வு, இப்படிப்பட்ட 31 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. பங்கேற்றவர்கள் 725 பேர். கருவி இயங்குவதை அவர்களால் மற்றவர்களைவிடச் சரியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. இயங்காத கருவி முன்னும் பலருக்குத் தலை வலித்தது.

அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இரண்டு விஷயங்களைச் சேர்த்தே சொன்னது. அறிகுறிகள் நிஜம், சிலரை முடக்கும் அளவுக்குக் கடுமை. ஆனால் மின்காந்த அலைதான் காரணம் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. மினுக்கும் விளக்கு, திரையின் கூச்சம், சரியில்லாத இருக்கை, காற்றோட்டமின்மை, வேலை அழுத்தம் ஆகியவற்றையும் பார்க்கச் சொன்னது.

பிள்ளைகளே, இந்த இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதால்தான் கெடுதி. முதலாவதை மறந்தவர்கள் வலியால் துடிப்பவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இரண்டாவதை மறந்தவர்கள் 'கதிர்வீச்சைத் தடுக்கும்' ஸ்டிக்கருக்குக் காசைக் கொட்டுகிறார்கள், உண்மையான நோய் கவனிக்கப்படாமல் போகிறது.

வீட்டில் யாராவது வலி என்றால் நம்புங்கள். நம்பி, மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்