கண்ணுக்குள்ள ஊசியா? அந்த மருந்து வந்த கதை

1/ பூலாம்பாடியா இருக்கட்டும், சென்னையா இருக்கட்டும், "சர்க்கரையால விழித்திரை கெட்டிருக்கு, கண்ணுல ஊசி போடணும்"னு சொன்னதும் வர்ற பயம் ஒண்ணுதான். அந்த ஊசிக்குப் பின்னால அரை நூற்றாண்டுத் தேடல் இருக்கு. பொறுமையா படிங்க.

2/ சர்க்கரை பல வருஷம் ஏறியே இருந்தா விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபடும். ஆக்சிஜன் கிடைக்காத இடத்தில் புதுக் குழாய்கள் முளைக்கும். நல்லதுதானேன்னு தோணும். ஆனா அவை பலமில்லாதவை. உடைஞ்சு கண்ணுக்குள்ள ரத்தம் கொட்டும்.

3/ முளைக்கச் சொல்றது யார்? பட்டினி கிடக்கும் விழித்திரையே ஏதோ ஒரு பொருளைச் சுரக்குதுன்னு 1948-ல் ஐசக் மைக்கேல்சன் ஊகித்தார். பொருள் கையில் சிக்கலை.

4/ 1953-ல் டென்மார்க்கின் பவுல்சன் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். பிரசவத்துக்குப் பின் பிட்யூட்டரி சுரப்பி செயலிழந்தது. கூடவே அவங்க விழித்திரை பாதிப்பும் குறைஞ்சது. வளர்ச்சி ஹார்மோன்தான் காரணமோன்னு, பார்வையைக் காப்பாத்த பிட்யூட்டரியையே வெட்டி எடுத்தாங்க! லேசர் வந்த பிறகுதான் அது நின்னது.

5/ 1983-ல் ரத்தக் குழாயைக் கசிய வைக்கும் ஒரு புரதத்தை செங்கரும் டிவோரக்கும் கண்டுபிடிச்சாங்க. 1989-ல் ஃபெராரா குழாயை வளர வைக்கும் புரதத்தைப் பிரித்தெடுத்து 'விஇஜிஎஃப்'னு பெயர் வைத்தார். பார்த்தா ரெண்டும் ஒண்ணே! கசிவு, முளைப்பு ரெண்டுக்கும் ஒரே ஆள்.

6/ 1994-ல் பாஸ்டனில் ஐயெல்லோ குழு நோயாளிகளின் கண் திரவத்தையே சோதித்தது. புதுக் குழாய் முளைத்த கண்களில் விஇஜிஎஃப் அதிகம். லேசருக்குப் பின் அது குறைஞ்சிருந்தது.

7/ அதைத் தடுக்கும் பெவாசிசுமாப் 2004-ல் குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. அடுத்த வருஷமே ரோசன்ஃபெல்ட் கண்ணுக்குள் போட்டுப் பார்த்தார். கண்ணுக்கென்றே ரானிபிசுமாப் 2006-ல் வந்தது. அதற்கு நிகரான மருந்து இந்தியாவிலேயே 2015-ல் விற்பனைக்கு வந்துடுச்சு.

8/ சென்னையின் 'க்யூர்ஸ்' ஆய்வில், சர்க்கரை உள்ளவர்களில் 17.6 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிப்பு. ஆரம்பத்துல வலி இருக்காது, பார்வையும் மங்காது. அதுதான் ஆபத்தே.

9/ கண்ணை மரத்துப்போக வச்சுட்டுத்தான் ஊசி போடுவாங்க. ஒரு ஊசியோட முடியாது. பாதியில நிறுத்தினா கசிவு திரும்பும். லேசர் தேவைப்படலாம். சர்க்கரை, ரத்த அழுத்தக் கட்டுப்பாடு எப்பவும் வேணும்.

10/ சர்க்கரை இருக்கா? பார்வை தெளிவா இருந்தாலும் வருஷம் ஒருமுறை கண்ணுல சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்க. கண்ணாடிக்கான பரிசோதனை வேற, இது வேற. வீட்ல அப்பா அம்மாவுக்கும் கேட்டுப் பாருங்க.