பானை மூடியில் ஒரு தமிழ்ப் பெயர்

கோடை விடுமுறையில் டுபாயில் இருந்தும் சார்ஜாவில் இருந்தும் எங்கள் குடும்பங்கள் பல ஓமானின் சலாலாவுக்கு மழைத்தூறல் பார்க்கப் போவதுண்டு. தரைவழியே போனால் 1000 கிலோமீற்றருக்கும் மேல். அவ்வளவு தூரம் போகிறவர்கள், சலாலாவுக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீற்றரில் உள்ள கோர் ரோரி இடிபாடுகளையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

இதன் பழைய பெயர் சும்ஹுராம். கி.மு. 3ஆம் நூற்றாண்டளவில் தொடங்கி கி.பி. 5ஆம் நூற்றாண்டு வரை இருந்த துறைமுகப் பட்டினம். அரபிகள் லுபான் என்று சொல்லும் குந்திரிக்கம் இங்கிருந்து கப்பலேறியது. இன்றைய யேமனில் உள்ள ஷப்வாவில் இருந்து வந்தவர்கள் இங்கே குடியேறியதை வாசல் கல்வெட்டுகள் சொல்கின்றன. 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

2006இல் இத்தாலிய ஆய்வாளர்கள் இங்கே ஒரு பானை மூடியைக் கண்டெடுத்தார்கள். உடைந்த பானையின் ஓட்டைக் கொண்டு செய்த மூடி. அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘ணந்தை கீரன்’ என்று கீறப்பட்டிருந்தது. காலம் கி.பி. 1ஆம் நூற்றாண்டு. நக்கீரன் என்ற பெயரில் வருகிற அதே கீரன்!

அரசன் வெட்டுவித்த கல்வெட்டு அல்ல இது. நாங்கள் செம்பிலும் குடத்திலும் பெயர் வெட்டுவோமே, அதுபோல. அப்படிப் பெயர் வெட்டிய பாத்திரங்களை ஊரிலேயே விட்டுவிட்டு வெளிக்கிட்டவர்கள் எங்களில் பலர். எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். பலருக்குத் தங்கள் பெயரைத் தமிழில் எழுதத் தெரியாது. கீரனை இன்றும் நாங்கள் அறிவது, அவர் பெயர் தமிழில் எழுதப்பட்டதால்தான். சலாலாவுக்குப் புறப்படும் முன், பிள்ளைகளுக்குத் தங்கள் பெயரைத் தமிழில் எழுதப் பழக்கிவிடுங்கள்.