சகுவாரோ: சொனோரா பாலையின் மரக்கள்ளி

சகுவாரோ என்பது வட அமெரிக்காவின் சொனோரா பாலைநிலத்தில் மட்டுமே இயற்கையாக வளரும் பெருங்கள்ளி. தாவரவியல் பெயர் கார்னீஜியா ஜைகான்டியா. தூண்போல ஒற்றைத் தண்டாக எழுந்து, முதிர்ந்தபின் வானை நோக்கி வளையும் கைகளை விடும். 12 மீட்டரைத் தாண்டியும் வளரும். 150 முதல் 200 ஆண்டு வரை வாழும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் இதைவிடப் பெரிய கள்ளி இல்லை. உலக அளவில் அந்த இடம் மெக்சிகோவின் கார்தோன் கள்ளிக்கு உரியது.

தமிழ்நாட்டு வேலியோரங்களில் நிற்கும் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் இதற்கு உறவல்ல. அவை ஆமணக்குக் குடும்பத்தவை. கீறினால் பால் வடியும். சகுவாரோவில் அந்தப் பால் கிடையாது. நாம் அறிந்தவற்றில் சப்பாத்திக்கள்ளிதான் இதன் குடும்பம். அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இங்கு வந்ததே.

பெயர்

சொனோரா வட்டாரப் பழங்குடி மொழி ஒன்றிலிருந்து ஸ்பானிய மொழி வழியாக இச்சொல் வந்ததாகக் கருதப்படுகிறது. அரிசோனாக்காரர்கள் 'சவாரோ' என்று உச்சரிப்பார்கள். 1846இல் கீலா ஆற்றங்கரை வழியே சென்ற அமெரிக்கப் படையில் இருந்த வில்லியம் எமரி என்ற அதிகாரி இச்செடியைப் பற்றிக் குறிப்புகள் எழுதினார். அவற்றைக் கொண்டு செயின்ட் லூயிஸ் நகர மருத்துவரும் தாவரவியலாளருமான ஜார்ஜ் எங்கல்மான் 1848இல் இதற்குச் சீரியஸ் ஜைகான்டியஸ் என்று பெயரிட்டார். 1908இல் பிரிட்டன், ரோஸ் என்ற இரு தாவரவியலாளர்கள் இதைத் தனிப் பேரினமாகப் பிரித்து, தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் பெயரைச் சூட்டினர். அந்தப் பேரினத்தில் உள்ள ஒரே இனம் சகுவாரோதான்.

வாழிடம்

தென் அரிசோனாவும் மெக்சிகோவின் சொனோரா மாநிலமும் இதன் தாயகம். கலிபோர்னியாவின் கிழக்கெல்லையில், கொலராடோ ஆற்றையொட்டிச் சில செடிகள் உண்டு. கௌபாய்க் கதைகளின் படங்களில் டெக்சஸ் மாநிலத்துக்கும் சகுவாரோவை வரைந்துவிடுவது வழக்கம். அங்கே அது இயற்கையாக வளர்வதில்லை.

வடக்கேயும் மலையுயரத்திலும் இதன் எல்லையை வகுப்பது உறைபனி. ஒரு நாளுக்கு மேல் நீடிக்கும் கடுங்குளிரைப் பெரும்பாலும் இது தாங்காது. ஆகவே சுமார் 1,200 மீட்டர் உயரத்துக்குக் கீழே, சரளைக்கல் நிறைந்த மலைச்சரிவுகளில் அடர்ந்து நிற்கிறது. மேற்கே எல்லையாவது மழைக்குறைவு. சொனோரா பாலைக்கு ஆண்டில் இருமுறை மழை உண்டு: குளிர்காலத்தில் பசிபிக்கிலிருந்து வரும் நிதானமான மழை, ஜூலை முதல் செப்டம்பர் வரை இடியோடு கொட்டும் கோடைமழை. சகுவாரோ விதை முளைப்பது இந்தக் கோடைமழையை நம்பித்தான்.

அரிசோனாவில் இக்கள்ளி இல்லாத காலமும் உண்டு. அதற்குச் சான்று எலிப் பொந்துகளில் கிடைத்தது. அங்குள்ள ஒருவகைக் காட்டெலி, இலை, முள், விதை என்று கண்டதையெல்லாம் பொந்தில் சேர்க்கும். அதன் சிறுநீர் காய்ந்து அக்குவியலைக் கல்லாக்கிவிடும். பாறை இடுக்குகளில் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கிடக்கும் இத்தகைய குவியல்களை ஆராய்ந்தவர்கள், பனியூழியில் தெற்கே ஒதுங்கிய சகுவாரோ, தட்பவெப்பம் மாறியபின் மீண்டும் வடக்கே பரவியது என்று கண்டனர்.

உடலமைப்பும் வளர்ச்சியும்

ஆணிவேர் ஒரு மீட்டருக்குள் நின்றுவிடும். மற்ற வேர்கள் ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே, செடியின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் சுற்றிலும் பரவியிருக்கும். பெய்யும் மழை ஆழத்தில் இறங்குமுன் உறிஞ்சிக்கொள்ள இந்த ஏற்பாடு. தண்டின் மேல்தோல் ஆர்மோனியத் துருத்திபோல மடிப்பு மடிப்பானது. நீர் பிடித்தால் விரியும், வறண்டால் சுருங்கும். நீர் நிறைந்த ஒரு பெருஞ்செடி பல டன் எடையிருக்கும். அந்தப் பாரத்தை உள்ளே வட்டமாக நிற்கும் மரவிலாக்கள் தாங்குகின்றன. இலை கிடையாது, பசுந்தோலே உணவு சமைக்கிறது. பகலில் தோலின் துளைகளை மூடிவைத்து, இரவின் குளிர்ச்சியில் திறந்து கரியமிலவாயுவை வாங்கிச் சேமிக்கிறது. இதனால் நீர் வீணாவதில்லை.

வளர்ச்சி மிக மந்தம். முதல் எட்டு ஆண்டில் 4 சென்டிமீட்டருக்கு மேல் வளர்வது அரிது. அந்தப் பருவத்தில் வெயிலுக்கும் பனிக்கும் எலிக்கும் தப்ப ஒரு செவிலிமரம் வேண்டும். பாலோ வெர்டே, நம் சீமைக்கருவேலத்தின் உறவான மெஸ்கீட் போன்றவற்றின் நிழலில்தான் பெரும்பாலான கன்றுகள் பிழைக்கின்றன. சுமார் 35 வயதில் பூக்கும். 50 முதல் 75 வயதில் முதல் கை முளைக்கும். வறண்ட இடங்களில் நூறாண்டும் ஆகலாம். கையே விடாமல் முடிந்துபோகும் செடிகளும் உண்டு. ஆண்டுவளையம் இல்லாததால், உயரத்தைப் பல பத்தாண்டுகள் அளந்து ஒப்பிட்டே வயதை ஊகிக்க முடியும்.

அண்டி வாழும் உயிர்கள்

ஏப்ரல் முதல் ஜூன் வரை தண்டின் உச்சியிலும் கைநுனியிலும் வெண்ணிறப் பூக்கள் மலரும். ஒரு பூ இரவில் விரிந்து மறுநாள் பிற்பகலில் மூடிக்கொள்ளும். இரவில் நீள்மூக்கு வௌவாலும், பகலில் வெண்சிறகுப் புறாவும் தேனீயும் மகரந்தம் சேர்க்கின்றன. அந்த வௌவால் 1988இல் அமெரிக்காவின் அருகிவரும் இனப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, எண்ணிக்கை தேறியதால் 2018இல் நீக்கப்பட்டது. சகுவாரோப் பூ 1931 முதல் அரிசோனாவின் மாநிலப் பூ.

ஒரு பழத்தில் 2,000 விதைகள் வரை இருக்கும். கீலா மரங்கொத்தி தண்டைக் குடைந்து கூடமைக்கும். செடி அந்தக் காயத்தைச் சுற்றித் தடித்த ஓடு ஒன்றை வளர்த்து நீர்க்கசிவைத் தடுத்துக்கொள்ளும். மரங்கொத்தி போனபின் உலகின் மிகச் சிறிய ஆந்தையான எல்ஃப் ஆந்தை அங்கே குடியேறும். செடி செத்து மட்கியபின்னும் ஓடு மட்கிப்போகாது. பழங்குடியினர் அதைக் கலமாகப் பயன்படுத்தினர்.

ஓதம் மக்களின் கள்ளி

தோஹோனோ ஓதம் பழங்குடியினருக்கு ஆண்டு பிறப்பது சகுவாரோ பழுக்கும் காலத்தில். கள்ளியைத் தம்மைப் போன்ற மனிதராகவே மதிக்கின்றனர். ஜூன், ஜூலை மாதங்களில், செத்த சகுவாரோவின் விலாக்கழிகளை ஒன்றோடொன்று கட்டிய நீண்ட துறட்டியால் பழம் பறிப்பார்கள். பழத்தோலின் சிவந்த உட்புறம் வானைப் பார்க்கும்படி செடியடியில் வைத்துவிட்டு வருவது மழையை அழைக்கும் வழக்கம். சதையைக் காய்ச்சிப் பாகாக்குவர். அதில் ஒரு பகுதியைப் புளிக்கவைத்து, ஊர்கூடி அருந்தி மழை வேண்டுவர். விதை மாவாகும். விலாக்கழி பந்தலுக்கும் வேலிக்கும் ஆகும்.

ஆய்வும் பாதுகாப்பும்

1903இல் கார்னகி நிறுவனம் டூசான் நகரின் டூமமோக் குன்றில் பாலைநில ஆய்வகம் ஒன்றை நிறுவியது. அங்குப் பணியாற்றிய ஃபாரஸ்ட் ஷ்ரீவ் 1910இல் வெளியிட்ட கட்டுரையில், ஓங்கி நிற்கும் சகுவாரோக்களுக்கு ஈடாக இளங்கன்றுகள் இல்லை என்று சுட்டிக்காட்டினார். அந்த எச்சரிக்கை அப்போது பெரிதாக எடுபடவில்லை. அரிசோனா பல்கலைக்கழகத் தலைவராக இருந்த ஹோமர் ஷான்ட்ஸ் போன்றோரின் முயற்சியால் 1933 மார்ச் 1 அன்று அதிபர் ஹெர்பர்ட் ஹூவர் டூசானுக்குக் கிழக்கே சகுவாரோ தேசிய நினைவிடத்தை அறிவித்தார். காக்கப்பட்டது முதிய செடிகள் நிறைந்த காடு. அதற்குள் மாடு மேய்வது தொடர்ந்தது.

சில ஆண்டுகளில் அந்தப் பெருஞ்செடிகள் அழுகிச் சரியத் தொடங்கின. 1940களில் அது பாக்டீரியா நோய் என்று முடிவுகட்டி, நோயுற்றவற்றை வெட்டிப் புதைத்தனர். நூற்றாண்டு முடிவதற்குள் அங்கே சகுவாரோ இராது என்ற பேச்சும் எழுந்தது. ஸ்டீன்பர்க், லோவ் இருவரின் நீண்டகால ஆய்வு உண்மையை வெளிக்கொண்டுவந்தது. முதிய செடிகளைக் கொன்றது உறைபனி. பாக்டீரியா வந்தது அதற்குப் பின்னர். இடத்தை நிரப்பக் கன்றுகள் இல்லாமைக்குக் காரணம் வேறு: சுண்ணாம்புக் காளவாய்க்கும் விறகுக்கும் செவிலிமரங்கள் வெட்டப்பட்டிருந்தன, மிஞ்சிய நிழலை மாடுகள் மிதித்துத் துவைத்திருந்தன. 1970களின் இறுதிக்குள் மேய்ச்சல் நின்றது. மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் கன்றுகள் பிழைத்தன. 1961இல் டூசானின் மேற்கிலுள்ள மலைப்பகுதியும் சேர்க்கப்பட்டது. 1994இல் நினைவிடம் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. இன்று பூங்காவில் சுமார் 20 லட்சம் சகுவாரோக்கள் உள்ளன. மெக்சிகோ பக்கத்தில் எல் பினகாத்தே காப்பகம் 1993இல் ஏற்பட்டது.

இன்றைய இடர்கள்

இன்றைய பெரும் பகை ஒரு புல். கொங்கு நாட்டில் கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலங்களில் காங்கேயம் மாடுகள் மேயும் கொழுக்கட்டைப் புல்தான் அது. ஆப்பிரிக்கா முதல் இந்தியா வரை இயல்பாக வளரும் இதை, தீவனத்துக்காகவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் 1930களில் அரிசோனாவுக்குக் கொண்டுபோனார்கள். பாலைச் செடிகள் விலகி விலகி நிற்பதால் முன்பு தீ பரவ வழியில்லை. புல் அந்த இடைவெளியை நிரப்பி, காய்ந்ததும் தீயைக் கடத்துகிறது. தீயைத் தாங்கும் உடல் சகுவாரோவுக்கு இல்லை. 2020இல் டான்டோ தேசியக் காட்டில் மூண்ட பெருந்தீ ஏராளமான சகுவாரோக்களைக் கருக்கியது. பூங்காப் பணியாளரும் தன்னார்வலரும் கடப்பாரை கொண்டு புல்லை வேரோடு தோண்டி எடுத்துவருகின்றனர்.

வெப்பமும் கூடுகிறது. 2023 கோடையில் பீனிக்ஸ் நகரம் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. இரவும் ஆறாததால் நகரத்துச் சகுவாரோக்கள் சில கையுதிர்ந்து சாய்ந்தன. தோட்ட அலங்காரத்துக்காகத் திருடுவோரும் உண்டு. அரிசோனாவில் அனுமதியின்றிச் சகுவாரோவை வெட்டுவதோ பெயர்ப்பதோ குற்றம். பூங்காவின் செடிகள் சிலவற்றில் அடையாளச் சில்லு பொருத்தியுள்ளனர்.

1990களிலிருந்து நீடிக்கும் வறட்சியில் புதுக்கன்றுகள் மீண்டும் அருகிவிட்டன. டூமமோக் குன்றில் 1908இல் தொடங்கிய சகுவாரோக் கணக்கெடுப்பு இன்னும் முடியவில்லை. இன்று அங்கு முளைக்கும் கன்று முதல் கை விடும்போது, அதை எண்ணிக் குறிப்பவர் பெரும்பாலும் இன்னும் பிறக்காதவராக இருப்பார்.