அக்கோமோக்கி வரைந்த மிசௌரி

மேப்புன்னா வடக்கு மேலே இருக்கணும், ஆறுன்னா வளைஞ்சு வளைஞ்சு ஓடணும்னு ஸ்கூல்ல படிச்ச ஆள் நான். அதனால இந்தப் படத்தை முதல்ல பார்த்தப்போ யாரோ சின்னப் பசங்க கிறுக்கினதுன்னுதான் நினைச்சேன். மேலே இருப்பது மேற்கு. குறுக்கே ராக்கி மலைத்தொடருக்கு ரெட்டைக்கோடு. புல்வெளியில் ஓடுற மிசௌரி ஆறு ஒரே நேர்க்கோடு. மலையிலிருந்து வர்ற கிளையாறுகளும் கோடுகள்தான்.

வரைந்தவர் அக்கோமோக்கி. பிளாக்ஃபுட் மக்களில் சிக்ஸிகா பிரிவின் தலைவர். 1801 பிப்ரவரியில், ரெட் டீர் ஆறும் தெற்கு சஸ்காட்செவன் ஆறும் கூடுற இடத்தில் இருந்த ஹட்சன் பே கம்பெனியின் செஸ்டர்ஃபீல்ட் ஹவுஸில் இதை வரைந்து கொடுத்தார். கம்பெனி சர்வேயர் பீட்டர் ஃபிட்லர் அதைப் பிரதி எடுத்து லண்டனுக்கு அனுப்பினார். ஆரன் அரோஸ்மித் 1802-இல் திருத்தி வெளியிட்ட வட அமெரிக்க மேப்பில் அந்த விவரமெல்லாம் ஏறிடுச்சு.

சிக்கலே இங்கதான். எவ்வளவு தூரம்னு கேட்டா "மூணு மணி நேரம்"னு நாம பதில் சொல்றோமே, அதே மாதிரிதான் அக்கோமோக்கியின் கணக்கும். எந்த ஆத்துக்கு அடுத்து எந்த ஆறு, மலைக்கு மலை எத்தனை நாள் பயணம், இதுதான் அவருக்கு முக்கியம். அரோஸ்மித்துக்கோ அட்சரேகை வேணும்! அவர் மேப்பில் 'டூத்' என்ற மலை கிட்டத்தட்ட 45 டிகிரியில் போய் உட்கார்ந்துச்சு.

அமெரிக்க அரசு அனுப்பின லூயிஸும் கிளார்க்கும் கையில் வெச்சிருந்தது இந்த அரோஸ்மித் மேப்தான். 1805 ஜூன் ஆரம்பத்தில், இன்றைய மொன்டானாவில், ஆறு ரெண்டாப் பிரியுற இடத்துக்கு வந்தாங்க. எது மிசௌரி? வடக்குக் கிளை கலங்கல், அதுவரைக்கும் பார்த்த மிசௌரி மாதிரியே. கூட வந்த ஆட்கள் அதைத்தான் சொன்னாங்க. தலைவர்கள் ரெண்டு பேரும் தெளிஞ்ச தெற்குக் கிளைன்னாங்க. மேப் உதவலை. ஃபிட்லரின் நேர்மையையோ அவர் கருவிகளையோ சந்தேகப்பட்டு லூயிஸ் டைரியில் எழுதினார். பாவம் ஃபிட்லர், அவர் அந்தப் பக்கம் போனதே இல்லை!

கடைசியில் கைகொடுத்தது எது தெரியுமா? முந்தின குளிர்காலத்தில் ஹிடாட்சா மக்கள் சொன்ன தகவல்: மிசௌரியில் ஒரு பெரிய அருவி உண்டு. தெற்குக் கிளை வழியே போன லூயிஸ் ஜூன் 13 அன்னிக்கு அதைப் பார்த்துட்டார்.

ஆக, ஊர்க்காரங்க சொன்னதை அப்படியே கேட்டப்போ வழி கிடைச்சுது. அதையே டிகிரியில் திணிச்சப்போ குழப்பம் வந்துது. லூயிஸ் திட்டினது ஃபிட்லரை. அக்கோமோக்கி பேச்சே அங்க இல்லை. ஆனா பிரதி எடுத்த ஃபிட்லர், வரைந்தவர் பேரையும் எழுதி வெச்சார். வின்னிபெக்கில் உள்ள கம்பெனி ஆவணக்காப்பகத்தில் அது இன்னும் இருக்கு. அந்த ஒரு வரியை ஃபிட்லர் எழுதலைன்னா, இந்தப் படத்தை வரைந்தது அக்கோமோக்கின்னு நமக்குத் தெரிஞ்சிருக்காது.