மின்சாரம் அற்ற இல்லங்களின் ஒளி: யாழ்ப்பாணப் பொருளாதாரத் தடைக்கால (1990–1995) வீட்டு விளக்குகளும் உடையார்பாளைய வட்டார ஒப்பீடும்

ஆய்வுச்சுருக்கம்

மின்சார வரலாறு பெரிதும் மின்நிலையங்கள், மின்தடங்கள், கட்டணங்கள் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. மின்சாரம் நின்றபின் வீடு எவ்வாறு இயங்கியது என்னும் வினா அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. 1990 முதல் 1995 வரை யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் கையாண்ட ஜாம்போத்தல் விளக்கு, மிதிவண்டி டைனமோ ஆகியவற்றை முதன்மைச் சான்றாகக் கொண்டு, உடையார்பாளைய வட்டாரத்தின் விளக்கு மரபோடும் அண்மைக்கால மின்வெட்டோடும் ஒப்பிட்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பொருளாதாரத் தடை, ஜாம்போத்தல் விளக்கு, டைனமோ, நந்தா விளக்கு, உடையார்பாளையம்

முன்னுரை

உடையார்பாளையம் வட்டத்தில் அமைந்துள்ள கங்கைகொண்ட சோழபுரம், முதலாம் இராசேந்திரனின் (1012–1044) தலைநகராக விளங்கிய ஊர். சோழர் காலக் கல்வெட்டுகளில் பரவலாகக் காணப்படும் நந்தா விளக்குக் கொடைகள் ஓர் உண்மையைத் தெளிவாகக் காட்டுகின்றன. ஒரு விளக்கு இரவும் பகலும் அணையாது எரிய 96 ஆடுகள் வழங்கப்பெற்றன. அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டனர். மந்தையின் எண்ணிக்கை குறையாது காக்கப்பட வேண்டும் என்பதால் அவை ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. ஒளி என்பது எரிபொருளின் அளவு, அதைத் தரும் உழைப்பு, அதற்குப் பொறுப்பேற்போர் ஆகியவற்றின் கணக்கு என்பதை இக்கொடைகள் உணர்த்துகின்றன. பொத்தானை அழுத்தியதும் விளக்கு எரியும் காலத்தில் இக்கணக்கு வீட்டிலிருந்து மறைந்து மின்வாரியத்தின் ஏட்டுக்குச் சென்றுவிட்டது. அது மீண்டும் வீட்டுக்கே திரும்பிய காலத்திற்கு யாழ்ப்பாணம் சான்றாகிறது.

தடையும் இருளும்

1990 ஜூன் மாதத்தில் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டது. அதனையடுத்துக் குடாநாட்டின் மின்வழங்கல் நின்றது. வடபகுதிக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையால் பெற்றோல், டீசல், உலர்மின்கலம் முதலியவை வருவதும் தடைப்பட்டது. மண்ணெண்ணெய் அரிதாகவும் மிகுந்த விலைக்கும் கிடைத்தது. மின்சாரம் நின்றது ஒரு குறை; அதற்கு மாற்றாகும் பொருள்களும் தடுக்கப்பட்டது மற்றொரு குறை. இவ்விரண்டும் ஒருசேர நேர்ந்தமையே இக்காலத்தின் தனித்தன்மை.

ஜாம்போத்தல் விளக்கு

வழக்கமான குப்பி விளக்கும் அரிக்கன் லாம்பும் அன்றைய நிலையில் ஆடம்பரமாயின. அவற்றின் இடத்தைச் சிக்கன விளக்கு ஒன்று பிடித்தது. வெறுமையான ஜாம்போத்தலின் அடியில் சிறிது பஞ்சு வைக்கப்பட்டது. அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விடப்பட்டது. மிதிவண்டிக் குழாயின் வால்வுக்குள் நூல்திரி நுழைக்கப்பட்டு, போத்தலின் விளிம்பில் மாட்டிய கம்பியில் அவ்வால்வு பொருத்தப்பட்டது.

இவ்வமைப்பின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு சிக்கலுக்கு விடையாகும். வால்வின் குறுகிய துளை திரியின் பருமனைக் கட்டுப்படுத்தியதால் சுடர் சிறுத்தது. எரிபொருள் செலவு குறைந்தது. பஞ்சு எண்ணெயைப் பற்றி வைத்திருந்ததால் விளக்கு கவிழ்ந்தாலும் எண்ணெய் சிந்திப் பரவும் இடர் தணிந்தது. கண்ணாடிச் சுவர் காற்றைத் தடுத்தது. க.பொ.த. சாதாரண தர, உயர்தரத் தேர்வுகளுக்கு ஒரு தலைமுறை மாணவர் இச்சுடரைச் சுற்றி அமர்ந்தே படித்தனர்.

டைனமோவும் வானொலியும்

ஒளிக்கு அடுத்த தேவை செய்தி. தம்மைச் சூழ்ந்த போரின் போக்கை அறிய மக்கள் பெரிதும் நாடியவற்றுள் பிபிசி தமிழோசை ஒன்று. மின்கலம் கிடைக்காத நிலையில் மிதிவண்டியின் டைனமோ வானொலிக்கு உயிரூட்டியது. வண்டி கவிழ்த்தோ நிலைக்காலில் நிறுத்தியோ வைக்கப்பட்டது. ஒருவர் மிதிகட்டையைச் சுழற்ற, மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்டனர்.

முகப்பு விளக்குக்கென அமைந்த இத்தகைய டைனமோ பொதுவாக 6 வோல்ட், 3 வாட் ஆற்றலுடைய மாறுதிசை மின்னோட்டத்தைத் தருவது. வானொலிக்கு வேண்டியதோ நேர்திசை மின்னோட்டம். எனவே இடையில் டயோடுகளைக் கொண்டு மின்னோட்டத்தைத் திருத்தவேண்டும். சுழற்சி தளர்ந்தால் குரலும் தளரும். செய்தி முடியும்வரை கை ஓயக்கூடாது. கேட்பவரின் உடலுழைப்பு செய்தியின் விலையாக இவ்வளவு நேரடியாக மாறிய சூழல் ஊடக வரலாற்றில் தனித்த கவனத்திற்குரியது.

தீர்ந்த உலர்மின்கலங்களை வெயிலில் காயவைத்து மீண்டும் சிறிது நேரம் பயன்படுத்தும் வழக்கமும் இருந்தது. உந்துருளிகள் சில துளி பெற்றோலால் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. இவற்றால் மண்ணெண்ணெய்க்கு விளக்கு, அடுப்பு, ஊர்தி ஆகிய மூன்றும் போட்டியிட்டன. விளக்கின் சுடர் சிறுத்ததை இப்போட்டியோடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும்.

உதிரிப்பொருளும் கைத்திறனும்

வால்வு, டைனமோ ஆகிய இரண்டும் மிதிவண்டியின் உறுப்புகள் என்பது தற்செயலன்று. எரிபொருளற்ற குடாநாட்டில் மிதிவண்டியே முதன்மை ஊர்தியாயிற்று. அதன் உதிரிகளும் அவற்றைப் பழுதுபார்க்கும் அறிவும் ஊர்தோறும் இருந்தன. ஆகவே இப்புத்தாக்கம் வெறுமையிலிருந்து பிறக்கவில்லை. தடைக்கு முன்பே வேரூன்றியிருந்த திருத்துநர் மரபிலிருந்து பிறந்தது. இதே பத்தாண்டில், முற்றுகையிடப்பட்ட பொஸ்னிய நகரான கோராஷ்டேயின் மக்கள் திரினா ஆற்றில் மிதக்கும் சிறு நீர்மின் சுழலிகளை அமைத்தனர். அங்கு ஓடும் ஆறு இருந்தது; ஆறற்ற குடாநாட்டில் மனிதரின் கையும் காலுமே ஆறாயின.

உடையார்பாளையத்துடன் ஒப்பீடு

தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டளவில் சென்னை நீங்கலான மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேல் மின்வெட்டு நிலவியது. அரியலூர் மாவட்டத்து ஊர்களும் இதற்கு விலக்கல்ல. ஆயினும் அக்காலத்தின் விடைகள் வேறு: வசதியுடையோருக்கு இன்வெர்ட்டர், ஏனையோருக்கு மின்னேற்றி வைக்கும் கைவிளக்கு, மெழுகுவர்த்தி, நியாயவிலைக் கடை மண்ணெண்ணெய். இன்வெர்ட்டரும் கைவிளக்கும் வந்துபோகும் மின்சாரத்தையே நம்பியவை. எல்லாமே திறந்திருந்த சந்தையிலிருந்து வந்தவை. மின்வெட்டு நுகர்வோரை உருவாக்கியது. தடை செய்வினைஞரை உருவாக்கியது. இரு சூழல்களையும் ‘மின்பற்றாக்குறை’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பது இவ்வேறுபாட்டை மறைத்துவிடும்.

பெருமிதத்தின் எல்லை

ஜாம்போத்தல் விளக்கு இன்று தன்னிறைவின் அடையாளமாகப் போற்றப்படுகிறது. அப்பெருமிதத்திற்கு அடிப்படை உண்டு. ஆனால் புகையைச் சுவாசித்த நுரையீரல், மங்கிய ஒளியில் வருந்திய கண், நாளும் திரி திருத்தி எண்ணெய் அளந்த இல்லத்தாரின் உழைப்பு ஆகியன அப்பெருமிதத்தில் கணக்கிடப்படுவதில்லை. பஞ்சின் அளவைக் குறைத்தது அறிவின் வெற்றி. குறைக்க நேர்ந்தது அரசியலின் விளைவு. முன்னதைப் புகழ்ந்து பின்னதை மறப்பது வரலாற்றாய்வுக்குப் பொருந்தாது.

முடிவுரை

1995 அக்டோபர் 30இல் தொடங்கிய வலிகாமம் இடப்பெயர்வில் மக்கள் கையில் எடுத்துச்செல்லக்கூடியவற்றோடு மட்டும் வெளியேறினர். ஜாம்போத்தல் பேணத்தக்க பொருளாக எவருக்கும் தோன்றியிருக்க இயலாது. கோயிலுக்கு அளந்த நெய்யைக் கல் பேசுகிறது. வீட்டில் அளந்த மண்ணெண்ணெயை நினைவு மட்டுமே பேசுகிறது. அவ்விளக்கைத் தம் கையால் செய்தவர்கள் இன்று முதுமை எய்தி வருகின்றனர். செய்முறை, எரிநேரம், அளவு, அதனைச் செய்தவர், பேணியவர் ஆகிய விவரங்களை வாய்மொழி வரலாறாகப் பதிவுசெய்வதும், எஞ்சியுள்ள கருவிகளை அருங்காட்சியகங்களில் பேணுவதும் உடனடிப் பணிகள். அப்போதுதான் தமிழரின் மின்சார வரலாறு வழங்கியோரின் வரலாறாக மட்டும் நில்லாது, இருளில் வாழ்ந்தோரின் வரலாறாகவும் நிறைவு பெறும்.