எடுக்கப்படாத ஒரு கப்பல் படம்

நல்லம்பள்ளியில் கடல் கிடையாது. கிழக்கே புதுச்சேரிப் பக்கம் போனால்கூட சாலைவழியில் இருநூறு கிலோமீட்டர் ஆகும். தர்மபுரிக்கும் தொப்பூர் கணவாய்க்கும் நடுவே நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடக்கிற ஊர் எங்களுடையது. நாங்கள் பார்த்த பெரிய தண்ணீர் ஒகேனக்கல். எங்களுக்குத் தெரிந்த கப்பல் பரிசல். அதனால் நான் முதன்முதலில் கடலைப் பார்த்தது வீட்டு டிவியில்தான். படம் ‘ஆயிரத்தில் ஒருவன்’. செல்வராகவன் எடுத்தது இல்லை, எம்ஜிஆர் நடித்த 1965ஆம் வருடத்துப் படம்.

2014 மார்ச்சில் அந்தப் படத்தை டிஜிட்டலில் புதுப்பித்துத் தியேட்டர்களில் திரும்ப வெளியிட்டார்கள். சென்னையில் அது வெள்ளிவிழாவே கொண்டாடியது. அப்போது நான் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைச் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா லாரி ஓட்டியவர். கப்பலின் மேல்தளத்தில் எல்லாரும் கூடி விடுதலையைப் பாடுகிற காட்சி வந்தபோது என் காதருகே குனிந்து, “இது கார்வார் கடல்டா. கோவாவுக்கு லோடு ஏத்திக்கிட்டு எத்தன தடவ போயிருக்கேன்” என்றார். எம்ஜிஆரைப் பார்த்ததைவிட, தெரிந்த ரோட்டைப் பார்த்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் அதிகமாக இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு கேள்வி கேட்டார். “ராஜாவ எதுத்தவங்கள கப்பல்ல ஏத்தி அடிமையா வித்துட்டானே, நம்ம ஊர்ல அப்படியெல்லாம் நடந்துச்சா?”

“இல்லப்பா. அது இங்கிலீஷ் படக் கதை. நாம காப்பி அடிச்சது” என்றேன். அதில் பாதிதான் சரி என்று தெரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின.

சரியாக இருந்த பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தின் கதைக்கு மூலம் 1935இல் மைக்கேல் கர்டிஸ் இயக்கிய ‘கேப்டன் பிளட்’. எரல் பிளின்னை ஒரே நாளில் நட்சத்திரமாக்கிய படம். பீட்டர் பிளட் ஒரு மருத்துவர். ராஜாவுக்கு எதிராகக் கலகம் செய்து காயம்பட்ட ஒருவனுக்கு வைத்தியம் பார்க்கிறார். அதற்காகவே அவருக்கும் கலகக்காரன் பட்டம். விசாரணை என்ற பெயரில் ஒரு கூத்து நடக்கிறது. பிறகு ஜமைக்காவில் அடிமையாக ஏலம். கவர்னர் குடும்பத்துப் பெண் அவரை 10 பவுண்டுக்கு வாங்குகிறாள். அவர் தப்பித்து, ஒரு கப்பலைப் பிடித்து, கொள்ளையர் தலைவனாகிறார். தமிழில் பிளட் மணிமாறன் ஆனார். ஜமைக்கா கன்னித் தீவு ஆனது, இங்கிலாந்து நெய்தல் நாடு. கவர்னர் குடும்பத்துப் பெண்ணின் இடத்துக்குப் பூங்கொடியாக ஜெயலலிதா வந்தார். எம்ஜிஆரோடு அவர் சேர்ந்து நடித்த முதல் படம் இதுதான். கடற்கொள்ளைத் தலைவனாக நம்பியார். அவருக்கும் எம்ஜிஆருக்கும் நடக்கிற வசனப் போட்டியை வாள்சண்டையைவிட ரசிப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

பழைய கடற்கொள்ளைப் படங்களைப் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இரவு வேலை முடிந்து, தூக்கம் வராத நேரங்களில். 1926இல் வந்த ‘தி பிளாக் பைரட்’ மௌனப் படம். ஆனால் வண்ணப் படம். டெக்னிகலர் இரண்டே நிறங்களில் இருந்த காலம் அது. பாய்மரத்துணியில் கத்தியைக் குத்தி, அது கிழியக் கிழிய டக்ளஸ் ஃபேர்பேங்ஸ் மேலிருந்து கீழே இறங்கி வருவார். நூறு வருடங்களாக மற்றவர்கள் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிற காட்சி. 1940இல் அதே கர்டிஸும் பிளின்னும் சேர்ந்து செய்த ‘தி சீ ஹாக்’ இன்னும் கனமானது. ஸ்பெயின்காரர்களின் கப்பலில் நாயகன் சங்கிலியோடு துடுப்பு வலிக்கிறான். படத்தின் முடிவில் எலிசபெத் ராணி பேசுகிற பேச்சு பதினாறாம் நூற்றாண்டைப் பற்றியது போலத் தெரியாது. ஹிட்லரின் விமானங்களை பிரிட்டன் எதிர்பார்த்துக்கொண்டிருந்த வருடம் அது.

நம் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. 1936இல் பிரபாத் நிறுவனத்துக்காக வி. சாந்தாராம் எடுத்த ‘அமர் ஜோதி’. அதில் துர்கா கோட்டே ஒரு கடற்கொள்ளைத் தலைவி. பெற்ற பிள்ளையைத் தாயிடம் விட மறுக்கிற சட்டத்தை எதிர்த்துத்தான் அவள் கடலுக்குப் போகிறாள். வெனிஸ் திரைப்பட விழா வரைக்கும் போன படம். எண்பது தொண்ணூறு வருடங்களுக்கு முன்னால் இப்படி ஒரு கதையை எடுத்திருக்கிறார்கள் என்பதற்காகவே பார்க்கலாம்.

இவற்றையெல்லாம் வரிசையாகப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. நல்ல கடற்கொள்ளைப் படம் எதுவும் கொள்ளையைப் பற்றியது இல்லை. புதையல், பெட்டி, வரைபடம் எல்லாம் மேல்பூச்சு. உள்ளே இருப்பது ஒரே கதை. சொந்த நாட்டுச் சட்டம் ஒருவனை வெளியே தள்ளிவிடுகிறது. அவனுக்கு நிற்கத் தரை இல்லை. அதனால் கடலில் நிற்கிறான்.

‘கேப்டன் பிளட்’ வெறும் கற்பனையும் அல்ல. 1685இல் இங்கிலாந்தில் மன்மத் கோமகன் என்பவர் இரண்டாம் ஜேம்ஸ் மன்னருக்கு எதிராகக் கிளம்பித் தோற்றுப்போனார். நீதிபதி ஜெஃப்ரீஸ் நூற்றுக்கணக்கானவர்களைத் தூக்குக்கு அனுப்பினார். எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களை மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பி விற்றார்கள். அவர்களில் ஒருவர் ஹென்றி பிட்மன் என்ற அறுவை மருத்துவர். பார்படோஸில் விற்கப்பட்டு, 1687இல் ஒரு சின்னப் படகில் தப்பி, வழியில் கடற்கொள்ளையர்களைச் சந்தித்து, ஒருவழியாக ஊர் போய்ச் சேர்ந்தார். அதற்குள் லண்டனில் ஆட்சி மாறியிருந்தது. 1689இல் தன் கதையைத் தானே எழுதி அச்சிட்டார். ரஃபேல் சபாட்டினி 1922இல் எழுதிய நாவலுக்குப் பின்னால் அந்தப் புத்தகம் இருக்கிறது. நாவலிலிருந்து ஹாலிவுட். அங்கிருந்து பி.ஆர். பந்துலு. அவரிடமிருந்து எங்கள் வீட்டு டிவி. பார்படோஸிலிருந்து நல்லம்பள்ளிக்கு ஒரு கதை வந்து சேர்ந்த வழி இது.

இனி, நான் அப்பாவிடம் தப்பாகச் சொன்ன பாதி.

1801 அக்டோபர் 24ஆம் தேதி மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். சிவகங்கைத் திருப்பத்தூர். அவர்கள் குடும்பத்து ஆண்களையும் விடவில்லை. மிஞ்சியவர்களில் ஒருவன் சின்ன மருதுவின் மகன் துரைசாமி. அப்போது சிறுவன். அவனையும் சேர்த்து 73 பேரைக் கம்பெனி அரசாங்கம் நாடு கடத்தியது. 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பல் புறப்பட்டது. போன இடம் பினாங்கு. அன்று அதற்கு வேல்ஸ் இளவரசர் தீவு என்று பெயர். ராஜாவை எதிர்த்தவர்களைக் கப்பலில் ஏற்றி, கண்காணாத தீவுக்கு அனுப்பிய கதை நம் ஊரிலும் நடந்திருக்கிறது. அப்பா கேட்டது இதைத்தான்.

அந்தச் சிறுவனைப் பற்றி நமக்குக் கிடைக்கிற சித்திரம் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி எழுதியது. பாளையக்காரர் போரில் கம்பெனிப் பக்கம் சண்டை போட்டவர். போருக்கு முன்னால் அவருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுத் தந்ததே சின்ன மருதுதான். 1818இல் உடம்பு சரியில்லாமல் பினாங்கு போன வெல்ஷைத் தேடி, தளர்ந்துபோன ஒரு மனிதர் வந்தார். யாரென்று வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்ன பிறகுதான் துரைசாமி என்று தெரிந்தது. பதினாறு வருடத்தில் ஒரு சிறுவன் கிழவனைப் போல ஆகியிருந்தான். 1830இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில் வெல்ஷ் இதைப் பதிந்து வைத்திருக்கிறார். மனசாட்சி உறுத்துகிற ஒருவரின் எழுத்து அது.

இரண்டு கப்பல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிட்மன் திரும்பி வந்தார், தானே எழுதினார். அவர் கதை நாவலாகி, படமாகி, உலகம் சுற்றியது. துரைசாமிக்கு எழுத வாய்ப்பில்லை. அவர் கதையைச் சொன்னது அவர் அப்பாவை வீழ்த்திய படையில் இருந்தவர். அதனால் அது படைவீரர் ஒருவரின் புத்தகத்தில் சில பக்கங்களாக நின்றுபோனது. பத்தாயிரம் மைல் தாண்டி வந்த கதை நமக்குத் தெரிந்தது. தூத்துக்குடியில் ஏறிய கதை தெரியவில்லை.

இதில் என்னை அதிகம் தொந்தரவு செய்வது பந்துலுவின் படப் பட்டியல். 1959இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’. அதன் முடிவு 1799, கயத்தாறு தூக்கு. 1961இல் ‘கப்பலோட்டிய தமிழன்’. வ.உ.சி. 1906இல் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசி கப்பல் கம்பெனியின் கதை. வ.உ.சி.க்கு முதலில் விதித்ததும் நாடு கடத்தல் தண்டனைதான். பிறகு குறைத்து, இங்கேயே சிறையில் வைத்து, செக்கிழுக்க வைத்தார்கள். 1965இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’. மூன்றும் ஒரே இயக்குநர். முதல் இரண்டும் சிவாஜி, மூன்றாவது எம்ஜிஆர். கட்டபொம்மனுக்கும் வ.உ.சி.க்கும் நடுவில், அதே தூத்துக்குடித் துறைமுகத்தில் 1802இல் ஒரு கைதிக் கப்பல் நிற்கிறது. பந்துலு அதன் இரு பக்கத்தையும் தொட்டுவிட்டு, கைதிக் கப்பல் கதை தேவைப்பட்டபோது ஹாலிவுட்டுக்குப் போனார்.

அவரைக் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. ‘கப்பலோட்டிய தமிழன்’ தேசிய விருது வாங்கியது, வசூலில் கையைக் கடித்தது. உண்மையான கப்பலுக்குக் கூட்டம் வரவில்லை. கற்பனைக் கப்பலுக்கு வந்தது. உண்மைக் கதையில் கப்பல் கம்பெனி நொடித்துப்போகும், தலைவர் விடுதலையாகி வரும்போது வரவேற்க நாலு பேர்தான் இருப்பார்கள். கற்பனைக் கதையில் அடிமைகள் ஜெயிப்பார்கள். 1965 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் இந்தித் திணிப்புக்கு எதிரான போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு வரை பார்த்த மக்கள், ஜூலையில் தியேட்டருக்குள் உட்கார்ந்து, ஒரு சர்வாதிகாரியை எதிர்த்த வைத்தியன் அடிமைகளைத் திரட்டிக்கொண்டு பாடுவதைப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது நெய்தல் நாட்டை என்று நான் நினைக்கவில்லை. இரண்டே வருடத்தில் கோட்டையில் ஆட்சி மாறியது.

அதனால் கற்பனைக் கப்பல் பொய்யான கப்பல் இல்லை. ஆனால் அது உண்மையான கப்பலின் இடத்தையும் அடைத்துக்கொண்டது. என்னைப்போல் படித்தவன்கூட ‘அது இங்கிலீஷ் கதை’ என்று கூசாமல் சொல்கிற அளவுக்கு.

‘கடற்கொள்ளையன்’ என்ற சொல்லையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. மராட்டியக் கடற்படைத் தலைவர் கன்ஹோஜி ஆங்கரேயை இங்கிலீஷ்காரர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். சாமூதிரியின் கடற்படைத் தலைவராக இருந்த குஞ்ஞாலி மரக்காரைப் போர்ச்சுக்கீசியர்கள் அப்படித்தான் சொல்லி 1600இல் கோவாவில் கொன்றார்கள். மரக்காருக்கு மலையாளத்தில் 1967இல் ஒரு படமும், 2021இல் மோகன்லால் நடித்து இன்னொரு படமும் வந்துவிட்டன. மறுபக்கம், ஹாலிவுட் 1945இல் படம் எடுத்துக் கொண்டாடிய கேப்டன் கிட் 1698இல் தன் பெரிய கொள்ளையை அடித்தது எங்கே தெரியுமா? நம் கொச்சிக்குப் பக்கத்தில். அவர்களுடைய சாகசக் கடல் பல நேரங்களில் நம் கடல்தான்.

கடலே இல்லாத எங்கள் ஊரையும் அது விட்டுவைக்கவில்லை. 1792இல் திப்புவிடமிருந்து பாராமகாலை வாங்கிய கம்பெனி, அலெக்சாண்டர் ரீடையும் தாமஸ் மன்றோவையும் இங்கே அனுப்பி நிலத்தை அளந்து வரி போட்டது. மன்றோ தர்மபுரியில் பல வருடங்கள் இருந்தார். கப்பலில் வந்தவர்கள் மலை தாண்டி இங்கே வந்து எங்கள் வயல்களை அளந்த பத்தாவது வருடம், தூத்துக்குடியில் அந்தக் கப்பல் கிளம்பியது.

1802 கப்பலை மையமாக வைத்து எடுத்த தமிழ்ப் படம் எதையும் நான் பார்த்ததில்லை. ‘சிறைச்சாலை’ 1996இல் அந்தமானுக்குப் போனது. பினாங்குக்கு யாரும் போனதாகத் தெரியவில்லை. போக வேண்டும். கதையில் மருத்துவர் இல்லை, இளவரசி இல்லை, பாய்மரத்தில் சறுக்கல் இல்லை. ஒரு சிறுவன், ஒரு சங்கிலி, பதினாறு வருடம் கழித்து அவனை அடையாளம் தெரியாத ஒரு பழைய சிநேகிதர். அது போதும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் இதைச் சொன்னேன். சேலத்துக்குப் போய்ப் படம் பார்த்தது அவருக்கு ஞாபகம் இருந்தது. கேள்வி கேட்டது ஞாபகம் இல்லை. துரைசாமி கதையை முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

“அந்தப் பையன் ஊருக்குத் திரும்பி வந்தானா?”

“பதினாறு வருஷம் கழிச்சும் அங்கதான் இருந்திருக்காருப்பா. அதுவரைக்கும்தான் அந்தப் புத்தகத்துல இருக்குது.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். வெளியே தொப்பூர் பக்கம் இறங்கப்போகிற லாரி ஒன்று கியரை மாற்றுகிற சத்தம் கேட்டது.

“எம்ஜிஆரா இருந்தா கூட்டியாந்திருப்பாரு” என்றார்.